மூன்று டன்

இன்று செப்டம்பர் பதினெட்டு.
ஜூன் முப்பதோடு முடிந்திருக்க வேண்டிய பட்ஜெட்
மேசையில் கிடக்கிறது இன்னும்,
மூடி தொலைந்த பேனாவைப் போல் காய்ந்துகொண்டு.

ஹாரிஸ்பர்க்கில் என் அறை ஜன்னலுக்கு வெளியே
சஸ்குவஹானா அவசரமில்லாமல் போகிறது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
எண்பது நாளாய் அளந்துகொண்டே இருக்கிறோம்.
போடத்தான் ஆளில்லை.

காலையில் முதல் அழைப்பு பெர்னிஸ் ஹட்னாக்,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
"ஓடைப் பாலத்தில் புதுப் பலகை வைத்திருக்கிறார்கள், பார்த்தாயா?"
பார்த்தேன்.
மூன்று டன்னுக்கு மேல் அனுமதியில்லை.
அவள் பேருந்து காலியாய் நின்றாலே பதினொன்று.
எனவே கல்குவாரிச் சாலையைச் சுற்றிக்கொண்டு
தினமும் பதினான்கு மைல்.
ஐந்தரைக்கே ஏறும் பிள்ளைகள்
கண்ணாடியில் நெற்றி சாய்த்துத் தூங்குகிறார்கள்.
ஒவ்வொரு வளைவிலும்
இருபத்தாறு நெற்றிகள் இடிபடும் சத்தம்
தூக்கத்திலும் கேட்கிறது என்கிறாள்.

மாடிப்படியில் ஒரு நிருபர் மைக்கை நீட்டினார்:
உங்கள் முன்னுரிமைகள் என்ன?
கல்வி, சாலை, முதியோர் நலம் என்றேன்.
பழகிய பூட்டின் எண்ணை
விரல் தானாகத் திருப்புமே, அப்படி.
எதுவும் திறக்கவில்லை.

மதியம் செனட்டர் ஓர்வில் கிரெப்ஸ்,
நமுத்துப்போன பிரெட்ஸல் தட்டை என் பக்கம் தள்ளி,
பேரத்தையும் தள்ளினார்:
பாலம் உனக்கு.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரி எனக்கு.

முந்நூற்றுப் பன்னிரண்டு ஒரு வீடு.
தெருவின் பெயர் சொல்லமாட்டேன், சொல்லக் கூடாது.
அடிபட்டு வந்த பெண்களுக்குப் பன்னிரண்டு கட்டில்.
பின்கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது.
ஜூலையிலிருந்து அரசாங்கப் பணம் போகவில்லை.
நடத்துகிற ரொவீனா டீட்ஸ்
கடன் வாங்கிச் சம்பளம் போடுகிறாள்,
வட்டியே நாலாயிரத்துச் சொச்சம்.
அந்த வட்டியை எந்த வரியில் எழுதுவது
என்று கேட்டாள். கோபமாகக் கூட இல்லை.

கிரெப்ஸுக்குக் கொம்பு வரைந்துவிட ஆசைதான்.
ஆனால் அவர் தொகுதியில் பிரசவ வார்டு மூடப்போகிறது.
ஆம்புலன்ஸில், முப்பத்தெட்டாவது மைலில் பிறந்த
யாரோ ஒரு குழந்தையின் படத்தைப்
பர்ஸில் வைத்துக்கொண்டு அலைகிறார்.
என்னிடம் இரண்டு முறை காட்டினார்.
இரண்டு முறையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
போன பட்ஜெட்டுக்கு முந்தைய பட்ஜெட்டில்
பாலங்களின் பணத்தை வெட்டியபோது
பச்சைப் பொத்தானை அழுத்தியது இந்த விரல்.
இரவு பதினொன்று நாற்பது.
நூலகங்கள் புதன்கிழமையும் திறந்திருக்கட்டும் என்பதற்காக.
திறந்திருக்கின்றன.
எங்கள் ஊர் வாசகர்கள்
பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறார்கள்.

எங்கள் சம்பளம் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.
வாங்கமாட்டேன் என்று சிலர் அறிவித்தார்கள், புகைப்படத்தோடு.
நான் வாங்கினேன்.
என் வீட்டிலும் கொதிகலனுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும்.

இரவு அவை கூடியது,
பிரார்த்தனை செய்தது, கொடியை வணங்கியது,
நாளை பத்து மணிக்குக் கூடுவதாய்த் தீர்மானித்துக் கலைந்தது.
ஒருமனதாக.
இந்த வருடம் ஒருமனதாய் நிறைவேறியது அது ஒன்றுதான்.

வரைவின் தொள்ளாயிரம் பக்கத்தையும்
காரின் முன்னிருக்கையில் வைத்தேன்.
கனத்தை ஆள் என்று நினைத்து
பெல்ட் போடச் சொல்லி அலறியது கார்.
ஏழு மைல் பொறுத்தேன்.
பிறகு ஓரம் கட்டி
பட்ஜெட்டுக்கு பெல்ட் மாட்டிவிட்டேன்.

ஓடைப் பாலத்துக்கு வந்தபோது ஒன்றரை மணி.
பலகையில் விளக்கு வெளிச்சம் பட்டுத் திரும்பியது.
கார் ஒன்றே முக்கால் டன்.
நான், காகிதம், பின்னால் ஒரு குடை.
ஒரு டன்னுக்கு மேல் இடம் மிச்சம்.
நடுவில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.
கீழே தண்ணீர்.
யாரை ஏற்றிக்கொள்வது என்று
நாளை பத்து மணிக்குக் கேட்பார்கள்.
பெர்னிஸ் கிளம்ப இன்னும் நாலு மணி நேரம்.